பேர் ஆகுமா

ஜூன் 28, புதன்

கீழ் வீட்டுச் சகாயம் காலையில் படியேறி வந்தார். துறைமுகத்தில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஜெசிந்தா அவர் மனைவி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கினார். மனத்தாங்கலோடு வருகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"ஹில்டாக்கா, கோவிச்சுக்கிடாதீய. ஜெசிக்கு ரெண்டு நாளா தலவலி. டி.வி. சத்தம் கொஞ்சம்..." என்று காற்றில் ஒரு குமிழைத் திருகிக் காட்டினார்.

டி.வி.யின் ஸ்பீக்கர் மட்டமானது என்றேன். தவிர, இந்தக் காலத்தில் நடிக்கிறவர்கள் ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை, முனகுகிறார்கள் என்றேன். தலையாட்டினார். அழைப்பு மணியை நாலு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டினாராம். மணி பழுது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த மாதக் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் நிற்க முழங்கால் இடம் கொடுக்காது. நவநாள் முழுவதும் டி.வி.யில்தான் பார்க்கப் போகிறேன். ஆகவே, ஒரு ஹெட்செட் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். என் சத்தம் என்னோடு. ஜெசிந்தாவின் தலைவலி அவளோடு.

ஹெட்செட் எனக்குப் புதிதல்ல. இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநாலு வருடம் அதைத் தலையில் மாட்டியிருந்தேன். கடைசிப் பதினோரு வருடம் சூப்பர்வைசர். கொழும்பு லைனில் கடல் இரைச்சலுக்கு நடுவே ஆள் பேசுவதை நான் பிரித்துச் சொல்வேன். "மிராந்தா மேடத்துக்குப் பாம்புக் காது" என்பார்கள்.

ஜூன் 30, வெள்ளி

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அண்ணாச்சியின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் வந்தேன். உள்ளே நுழைந்ததும் தலைவலி. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் விசிறி, கடை முழுக்க ஆட்கள். ஆடிக்கு முன்பே காற்று தொடங்கிவிட்டதால் கதவைத் திறக்கும்போதெல்லாம் மண்.

விற்பனைக்கு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். நீலச் சீருடைச் சேலை; மார்பில் பேச்சித்தாய் என்று பெயர் அட்டை. டி.வி.க்கு ஹெட்செட் வேண்டும், வயர் இல்லாதது, என்றேன். மூன்று எடுத்து வைத்தாள். பிறகு டி.வி.யின் பேரைக் கேட்டாள். சொன்னேன். மறுபடியும் பேரைக் கேட்டாள். மறுபடியும் சொன்னேன், அங்குலத்தையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாம் முறையும் ஏதோ கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என் டி.வி.க்கு நெட்டே வயர் இல்லாமத்தான் வருது. நான் முப்பத்துநாலு வருஷம் ஹெட்செட் போட்டவ. எல்லாம் தெரியும், கட்டு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பில்லைத் திருப்பி வைத்து என்னவோ எழுதினாள், எதையோ நீளமாகச் சொன்னாள். நான் புன்னகை செய்தேன். கடைக்காரர்கள் பேச்சில் பாதிக்கு மேல் தேவையற்றது.

கறுப்பு நிறம். காதை முழுக்க மூடும். பஞ்சு வைத்தது. பழைய எக்ஸ்சேஞ்ச் ஹெட்செட்டின் பாரத்தில் பாதி கூட இல்லை.

ஜூலை 1, சனி

காலையிலிருந்து சார்ஜ் போட்டு, புத்தகத்தில் உள்ளபடி பொத்தானை அழுத்தினேன். ஒரு நீல விளக்கு மினுக்குகிறது. காதுக்குள் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறாள், உச்சரிப்பு சரியில்லை. டி.வி.யின் சத்தம் டி.வி.யிலிருந்துதான் வருகிறது.

அணைத்து மறுபடியும் போட்டேன். டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வழக்கம்போல முதல் வரிசை. மதியம் மறுபடி முயன்றேன். நீல விளக்கு.

ஜூலை 3, திங்கள்

கடை முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். நாட்குறிப்பும் ஜெபமும் தமிழில். கடிதம் என்றால் ஆங்கிலம். கான்வென்ட் பள்ளியில் மதர் பெர்னதெத் ஊட்டிய பழக்கம். புகார் எழுதும்போது கோபம் தெரியக் கூடாது, இலக்கணம் தெரிய வேண்டும் என்பார் அவர்.

இரண்டு பக்கம். தங்கள் ஊழியர் என்னிடம் என் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, பொருந்துமா பொருந்தாதா என்று ஒரு சொல் சொல்லவில்லை, ஒரு முதியவளின் அறியாமை என்று தாம் எண்ணிக்கொண்டதைப் பயன்படுத்திக்கொண்டார் என்று எழுதினேன். 'தாம் எண்ணிக்கொண்டதை' என்ற இடத்தில் நான் போட்ட ஆங்கிலச் சொல் நன்றாக அமைந்தது. நுகர்வோர் உரிமை பற்றி ஒரு பத்தி. பில்லை இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பேர் கேட்டாளே, அது கேள்வி ஆகாதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பேர் கேட்பது கேள்வியா!

ஜூலை 5, புதன்

மஸ்கட்டிலிருந்து சில்வியா கூப்பிட்டாள். லைன் மோசம். "மம்மி, மம்மி" என்று ஏழெட்டு முறை கத்தினாள். இங்கே மழை உண்டா என்று கேட்டாள். மழையே இல்லை, காற்றுதான் என்றேன். சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. பிறகு செய்தி அனுப்பினாள்: "மாத்திரை போட்டியான்னு கேட்டேன் மம்மி. காது டாக்டரப் பாரு. ப்ளீஸ்."

பதில் போடவில்லை. வெளிநாட்டு லைன் எப்படி இருக்கும் என்று இவள் எனக்குச் சொல்லித் தருகிறாள்.

சீலா மீன் வாங்கினேன். குழம்பு நன்றாக வந்தது.

ஜூலை 7, வெள்ளி

அண்ணாச்சியே வீட்டுக்கு வந்துவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. சத்தமான குரல், ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று.

"மேடம், இதெல்லாம் எதுக்கு மேடம்? ஒரு வார்த்த போன்ல சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்லா. கடைய நம்பித்தான் பதினெட்டு வருஷமா பொழப்பு ஓடுது மேடம்."

ஹெட்செட்டைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார். தேநீர் கொடுத்தேன், உட்காராமலே குடித்தார். படி இறங்கும் முன் திரும்பி, "அந்தப் பொம்பளயக் கையோட நிறுத்திட்டேன் மேடம். கடையில எல்லாரு முன்னாலயும் வச்சு ஏசித்தான் அனுப்புனேன். இனிமே உங்க பக்கத்துலருந்து வேற ஒண்ணும் வராதுல்லா?" என்றார்.

வராது என்றேன். எந்த இடத்திலும் ஒழுங்கு வேண்டும் என்றும் சொன்னேன்.

நியாயம் நடந்தது. ஒரு கடிதம் முறையாக எழுதப்பட்டால் அது தன் வேலையைச் செய்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

மணியைப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று சகாயம் வந்தார். கையில் தன் மகன் விட்டுப்போன ஹெட்செட் ஒன்றும் இருந்தது. கடைப் பொருள் பழுதா, என் டி.வி. பழுதா என்று போட்டுப் பார்க்கலாமே என்றார்.

டி.வி.யின் உள்ளே எங்கெங்கோ போய்ப் பட்டியல்களைத் திறந்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, டி.வி. பேர் என்று ஏதோ சொன்னார்.

பேரைச் சொன்னேன்.

அவர் இமைக்காமல் பார்த்தார். மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் சொன்னேன். திரைக்குக் கீழேதான் பெரிதாக எழுதியிருக்கிறதே என்று சுட்டியும் காட்டினேன்.

சகாயம் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து எழுதி என் முன் வைத்தார். ஜோடி என்று பொருள்படும் அந்தச் சொல். தமிழ் வாயில் அது பேர் ஆகிவிடும்.

"பேரு இல்லக்கா. பேர். பேர் ஆகுமா, ரெண்டும் சோடி சேருமான்னு" என்றார், இப்போது என் முகத்துக்கு நேராக, வாயை அகலத் திறந்து. "உங்க டி.வி. சேராது. வை-ஃபை இருக்கு, புளூடூத் இல்ல. ரெண்டும் வயரில்லாததுதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடயாது. இதுக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி மாட்டுனாத்தான் சத்தம் வெளிய வரும். இல்லன்னா எந்தக் கம்பெனி ஹெட்செட் வாங்குனாலும் விளக்குதான் மினுக்கும்."

நான் அந்தத் தாளை எடுத்து மடித்தேன்.

"கடையில மொதல்ல கேக்குறதே அதத்தான அக்கா. டி.வி.யோட பேர் ஆகுமான்னு. அந்தப் பொம்பள கேக்கலயா?"

"இல்ல" என்றேன்.

நாலு மாதமாக எழுதிவரும் இந்த நோட்டில் அவ்வளவு சிறிய பொய் வேறு இல்லை. அவ்வளவு பெரியதும் இல்லை.

போகும்போது வெளியே நின்று மணியை அழுத்தினார். நான் நிலைக்கு இந்தப் பக்கம், மணிக்குக் கீழேயே நின்றேன். அவர் விரல் பொத்தானில் இருந்தது. தலைக்கு மேலே எங்கோ வெகு தூரத்தில் ஒரு கொசு. "நல்லாத்தான அடிக்குது" என்று சொல்லப்போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கம்பி தளர்ந்திருந்தது, சரி செய்துவிட்டேன் என்றார்.

நல்ல மனிதர். அதைத் தாங்க முடியவில்லை.

ஜூலை 10, திங்கள்

எழுதிவிடுவதே நல்லது.

அவள் மூன்று முறை கேட்டாள். டி.வி. பேர் ஆகுமா. பேர் ஆகுமான்னு பாத்தீங்களா. மூன்றாவது என்ன என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது மட்டும் தெரியும். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இது இன்று நேற்று வந்ததில்லை. மூன்று வருடமாக இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். தெரியாத இடத்தில் புன்னகை செய்வேன். கேள்வி போலத் தெரிந்தால் தலையாட்டுவேன். மற்றவர்கள் சிரித்தால் அரை வினாடி தள்ளி நானும் சிரிப்பேன். கோயிலில் முதல் வரிசை பக்திக்காக அல்ல, சாமியாரின் வாயைப் பார்ப்பதற்காக.

எக்ஸ்சேஞ்சில் முதல் நாள் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. எண்ணைக் கேட்டதும் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் பதில் சொன்ன பிறகே லைனை இணைக்க வேண்டும். நூறு பெண்களுக்காவது நான் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். சுகந்தி என்று ஒருத்தி, சந்தாதாரரிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஒரே அழைப்பில் மூன்று முறை கேட்டதற்கு மெமோ கொடுத்தேன். காது மந்தம் என்று அவளுடைய கோப்பில் எழுதினேன். அவள் அழுதாள். கேட்கவில்லை என்று சொல்லும் துணிவாவது அவளிடம் இருந்தது.

ஜூலை 11, செவ்வாய்

வாழைக்காய் வறுத்தேன். கருகிற்று.

ஜூலை 12, புதன்

அண்ணாச்சிக்கு இரண்டாவது கடிதம். நான்கு முறை எழுதினேன்.

முதல் பிரதி: இரு தரப்பிலும் ஒரு தவறான புரிதல் ஏற்பட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கிழித்தேன். இரு தரப்பிலும் என்ன?

இரண்டாவது: கடையில் அன்று நிலவிய இரைச்சல் காரணமாக. கிழித்தேன்.

மூன்றாவது: வினா எழுப்பப்பட்டிருக்கவும் கூடும். மதர் பெர்னதெத் இதைப் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தில் ஆள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று கேட்டிருப்பார்.

நான்காவதில் உண்மை இருந்தது. ஆறே வரி. அதைத் தபாலில் போட வேண்டிய உறை வீட்டில் இல்லை என்று கண்டுபிடித்தேன். உறை இருந்தது. இரண்டாம் இழுப்பறையில், கட்டாக.

ஜூலை 14, வெள்ளி

நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அவள் நின்ற இடத்தில் வேறொருவர். அண்ணாச்சி எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அந்த மரியாதை முழுவதும் என் கடிதத்துக்கு. அதன் மேல் உட்கார்ந்தேன்.

இரண்டு பேட்டரி வாங்கினேன்.

அண்ணாச்சி போனில் இருந்தபோது அந்தப் புது ஆளிடம், முன்பிருந்தவர் இப்போது எங்கே என்று கேட்டேன். ஏதோ சொன்னார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார்: முள்ளக்காடு, தண்ணீர்த் தொட்டித் தெரு. உப்பளத்துக்குப் போகிறார்.

ஜூலை 16, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்டோ வைத்து முள்ளக்காட்டுக்குப் போனேன். தொட்டிக்கு எதிர் வரிசையில் ஓடு போட்ட வீடு. பேச்சித்தாய் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாதங்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது பார்த்தேன். விரல் இடுக்குகள் வெந்து வெள்ளையாக, ஓரமெல்லாம் சிவந்திருந்தன. ஒரு வார உப்பு.

"பன்னெண்டு வருஷம் உப்பளத்துல கெடந்து, காலு ஆகாதுன்னு டாக்டரு சொல்லித்தான் கடைக்குப் போனேன்" என்றார். "இப்ப என்ன? புதுசா எதும் லெட்டரு கொண்டாந்திருக்கீயளா?"

அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. என் முகத்துக்கு நேரே, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

நான் ஆட்டோவில் வரும்போது கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "எனக்குக் காது கேக்காது" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தது இதுவே முதல் தடவை.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. ரெண்டாந் தடவ நீங்க பேரச் சொன்னீயள்லா, அப்பவே. எங்க மாமியாரும் இப்படித்தான், என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிடும்." பாதத்தைத் துணியில் ஒற்றிக்கொண்டார். "கத்திச் சொல்லியிருப்பேன் மேடம். கட நெறய ஆளு. நீங்க நல்ல சேல உடுத்தி, குடைய ஊனிக்கிட்டு, முப்பத்துநாலு வருஷம்னு சொல்லிக்கிட்டு நிக்கீய. எல்லாரும் திரும்பிப் பாக்கும்படி உங்க காதுல போயி கத்தணுமாக்கும்னு விட்டேன். அதான் பில்லுக்குப் பின்னால எழுதுனேன், டி.வி. சேரலன்னா ஏழு நாளுக்குள்ள கொண்டாங்க, மாத்திக்கிடலாம்னு. பாக்கலயா?"

பில்லை நான் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்காமலே கடிதத்தோடு இணைத்து அனுப்பினேன்.

"அண்ணாச்சியும் பார்க்கலையே" என்றேன். இதைச் சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. பழியில் ஒரு துண்டை இன்னொருவரிடம் கொடுக்கப் பார்க்கிறேன்.

பேச்சித்தாய் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

"அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. உங்க லெட்டர வச்சுக்கிட்டு அவரு பட்ட பாடு! ரெஜிஸ்டர் தபாலு, முத்திர, கையெழுத்து வாங்குத அட்ட. கோர்ட்டு நோட்டீசுன்னு நெனச்சுட்டாரு. எதுத்த கடப் பய ஒருத்தன் படிச்சுட்டு, கன்ஸ்யூமர்னு ஒரு எடத்துல இருக்கு அண்ணாச்சின்னான். அம்புட்டுத்தான். யாரயாச்சும் தூக்கிட்டா கேசு வராதுன்னு என்னயத் தூக்கிட்டாரு. உங்கள விட உங்க இங்கிலீசுக்குத்தான் மேடம் பயந்தாரு."

நான் அந்த இரண்டு பக்கத்தையும் எவ்வளவு ரசித்து எழுதினேன் என்பது இந்த நோட்டிலேயே இருக்கிறது.

கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தமிழிலேயே எழுதுகிறேன் என்றேன்.

"லெட்டரு வேண்டாம்."

"அண்ணாச்சியைத் தனியாப் பாத்துப் பேசுறேன்."

"என்னய ஏசுனது தனியாவா?" என்றார். "சனிக்கெழம சாய்ங்காலம் கடயில கூட்டமா இருக்கும். நானும் வாரேன். அங்க வச்சு, எல்லாரு முன்னாலயும், தமிழ்ல சொல்லுங்க. அதுக்கு மேல வேலைக்கு எடுத்துக்கிடுதாரோ எடுக்கலயோ, அவரு பாடு."

நான் தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாதீய. நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். சனிக்கிழமை. சாயங்காலம். எல்லார் முன்னாலும். தமிழில்.

ஜூலை 18, செவ்வாய்

காய்ச்சல் வரும் போலிருந்தது. வரவில்லை.

ஜூலை 19, புதன்

சகாயம் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். டி.வி.யைப் போடவே இல்லை. கீழே ஜெசிந்தாவுக்கு நிம்மதி.

ஜூலை 20, வியாழன்

சில்வியாவுக்குச் செய்தி அனுப்பினேன்: மழையைப் பற்றி நீ கேட்கவில்லை என்று தெரியும்.

உடனே கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எழுதிக் கேள் என்று போட்டேன். "ஏன் மம்மி இத்தனை நாளாச் சொல்லல?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை மகளுக்கு எழுத முடியவில்லை.

ஜூலை 22, சனி

போனேன்.

நான்கரைக்கு அங்கே இருந்தேன். கொடியேற்றத்துக்கு நாலு நாளே இருப்பதால் கடைவீதி முழுக்க ஆட்கள். கடைக்குள் நான் எண்ணியவரை பதினைந்து பேர். ஒரு புதுத் தம்பதி ஸ்பீக்கர் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் ஏற்கெனவே வந்து, பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சீருடை இல்லை, பச்சைச் சேலை. எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

அண்ணாச்சி நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

"அண்ணாச்சி, நான் எழுதின லெட்டர் பொய்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தாழ்த்தி, மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினார். அப்போதுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. கூட்டம் முழுவதும் திரும்பியிருந்தது. என் குரலை எனக்கே அளக்க முடியாது என்பதும் அவர்கள் எல்லாருக்கும் இப்போது தெரியும். நல்லது. குறைக்காமலே சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காது. இந்தம்மா டி.வி. பேர் ஆகுமான்னு மூணு தடவ கேட்டாங்க. எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி சிரிச்சேன். அப்புறம் வீட்டுக்குப் போய், அவங்க கேக்கவே இல்லன்னு எழுதினேன். பில்லுக்குப் பின்னால எழுதியும் குடுத்திருக்காங்க. அதையும் பாக்கல. தப்பு அவங்க மேல ஒண்ணுகூட இல்ல. எல்லாம் என் மேல. கோர்ட்டும் இல்ல, கேசும் இல்ல. அது வெறும் லெட்டர்."

முடிந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகியிருக்கும். யாரோ ஒரு அம்மாள் "பாவம்" என்று சொன்னதை உதட்டில் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அண்ணாச்சி மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளேயிருந்த பில்லைத் திருப்பினார். படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். சத்தமான குரல் உள்ள மனிதர், முதன்முறையாகத் தாழ்ந்து பேசினார்.

"எனக்குக் கேக்கல" என்றேன். "திரும்பச் சொல்லுங்க."

"திங்கக்கெழமலருந்து வரட்டும்னேன் மேடம்!" என்று கத்தினார். "திருவிழா ஏவாரத்துக்கு ரெண்டு ஆளும் வேணும்!"

அப்போது பேச்சித்தாய் மூலையில் இருந்தபடியே அவரிடம் எதையோ சொன்னார். பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் உதடு தெரியவில்லை. புது ஆள் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பதியில் பெண் குலுங்கிச் சிரித்தாள். அண்ணாச்சி முகத்தைத் துண்டால் துடைக்கிற சாக்கில் மறைத்தார். கடையே சிரித்தது. எல்லார் கண்ணும் ஒரு முறை என் மேல் வந்துவிட்டு நகர்ந்தது.

அரை வினாடி தள்ளிச் சிரிக்க என் வாய் ஆயத்தமாகிவிட்டது. பழக்கம். அடக்கிக்கொண்டேன்.

"என்ன சொன்னீங்க, பேச்சித்தாய்?" என்று கேட்டேன்.

அவர் மூலையிலிருந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்றார். என் கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார்.

அது தெளிவாகக் கேட்டது.